வடிவு தெரிந்தவருக்குப் பரிசு தேர்வது எப்படி?

எங்கள் பேச்சில் 'வடிவு' என்ற சொல்லுக்கு மூன்று வேலைகள் உண்டு. பிள்ளை நல்ல வடிவு என்றால் அழகு. வடிவாய்ப் பார் என்றால் கவனமாகப் பார். பெட்டியின் வடிவு என்றால் அதன் உருவம். வடிவமைப்பில் மனம் ஊன்றியவர்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடன் இந்த மூன்றையும் சேர்த்தே தேடுகிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறதா, உருவம் அதன் வேலைக்குப் பொருந்துகிறதா, செய்தவர் கவனமாகச் செய்திருக்கிறாரா என்று அவர்களுடைய கண்ணும் விரலும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கும் மருமகள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்த மச்சாள், கிளிநொச்சி நகரில் பதாகையும் அழைப்பிதழும் வடிவமைக்கும் தம்பி, சான்றிதழ் எதுவும் இல்லாமலே கோலத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் பெரியம்மா என்று இத்தகையவர்கள் நம் குடும்பங்களில் பலர் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பரிசு வாங்கப் புறப்படும் ஒருவர் முதல் தடவையிலேயே தடுமாறாமல் இருப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், படவரைஞராக வேலை செய்யும் என் ஒன்றுவிட்ட அண்ணாவின் குடிபூரலுக்கு ஒரு பெரிய சுவர் மணிக்கூடு கொண்டு போனேன். ஓரம் முழுவதும் கண்ணாடித் துண்டு பதித்தது, கடையில் இருந்தவற்றுள் விலை கூடியது. ஆறு மாதம் கழித்துப் போனபோது அது அலுமாரிக்கு மேலே பெட்டியோடு இருந்தது. அண்ணா குறை சொல்லவில்லை; சொல்லுகிற ஆளும் அல்ல. ஆனால் அதே நாளில் அவருடைய அம்மாவின் தோழி ஒருவர் கொடுத்த சிறிய பித்தளைச் செம்பு அவருடைய வரைமேசையில், பென்சில்கள் நிறைந்து, நாள் முழுவதும் கைபடும் இடத்தில் இருந்தது. விலையைப் பார்த்து நான் வாங்கியிருந்தேன். அந்த அம்மா ஆளைப் பார்த்து வாங்கியிருந்தார்.

முதலில் ஆளைப் பாருங்கள்

ஆகவே முதற்படி கடைக்குப் போவதல்ல. கொடுக்கப் போகிறவரின் வீட்டுக்கு ஒருமுறை சும்மா போய் வருவது. அங்கே எந்தப் பொருள் தேய்ந்திருக்கிறது, எதன் பிடி உடைந்த பிறகும் கம்பி சுற்றி வைத்திருக்கிறார், தேத்தண்ணீருக்கு எத்தனை கோப்பை இருந்தாலும் எந்தக் கோப்பையையே எடுக்கிறார் என்று பாருங்கள். தேய்ந்த பொருள்தான் அவருடைய உண்மையான விருப்பம். அவர் முணுமுணுக்கும் குறைகளையும் நினைவில் வையுங்கள். "இந்த மூடி ஒருநாளும் ஒழுங்காய்ப் பூட்டுப்படுகுதில்லை" என்று ஒருவர் இரண்டு தடவை சொன்னால், என்ன பரிசு வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பார்வையில் ஒரு வேறுபாட்டை மட்டும் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்களுள் பொருள்களைச் செய்கிறவர்கள் ஒரு வகை, பொருள்களைத் தேர்ந்து சேர்க்கிறவர்கள் இன்னொரு வகை. செய்கிறவருக்குக் கருவியும் மூலப்பொருளும் கொடுத்தால் மகிழ்வார். அலங்காரப் பொருள் கொடுத்தால் அது அவருக்கு ஒரு சுமை. சேர்க்கிறவருக்கோ, ஏற்கனவே உள்ளவற்றோடு பொருந்தி நிற்கும் ஒன்று வேண்டும். அவருடைய வீட்டில் பொருள்கள் எத்தனை நிறத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நிறத்துக்குள் ஒரு வீட்டையே அமைத்திருப்பவருக்கு நான்காவது நிறத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது, அவர் செய்து வைத்த ஒழுங்கைக் குலைப்பதற்குச் சமம்.

சிறிய பொருளில் சிறந்தது

இரண்டாவது படி தொகையைத் தீர்மானிப்பது. தொகையை முடிவு செய்தபின், 'இந்தத் தொகைக்கு எவ்வளவு பெரிய பொருள் கிடைக்கும்' என்று கேட்காமல், 'இந்தத் தொகைக்கு எந்த வகைப் பொருளில் ஆகச் சிறந்ததை வாங்கலாம்' என்று கேளுங்கள். ஐயாயிரம் ரூபாவுக்கு ஒரு மேசை விளக்கு வாங்கினால் அது மேசை விளக்குகளுள் கடைசித் தரமாகவே இருக்கும். அதே தொகைக்கு வாங்கும் அகப்பை, அகப்பைகளுள் முதல் தரமாக இருக்கும். மிச்சக் காசும் வரும். வடிவு தெரிந்தவர் அந்த அகப்பையைத்தான் இருபது வருடம் வைத்திருப்பார்.

விலை குறைந்த பொருளில் உயர்ந்த வடிவமைப்பு இருக்க முடியாது என்று எண்ணுபவர்கள் பிக் கிறிஸ்டல் குமிழ்முனைப் பேனாவை ஒருமுறை வடிவாய்ப் பார்க்க வேண்டும். 1950 இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த அந்தப் பேனாவின் உடல் பென்சிலைப் போல ஆறு பட்டையாக இருப்பதால் மேசையில் உருளாது; ஒளி ஊடுருவுவதால் மை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும்; உடலில் உள்ள நுண்ணிய துளை உள்ளே வெளியே காற்றழுத்தத்தைச் சமப்படுத்துகிறது; மூடியின் நுனியில் பின்னாளில் இட்ட துளை, அதைத் தவறி விழுங்கிய பிள்ளைக்கு மூச்சுப்போக வழி விடுவதற்காக வைத்தது. நியூயோர்க்கில் உள்ள நவீன கலை அருங்காட்சியகம் இந்தப் பேனாவைத் தன் தொகுப்பில் வைத்திருக்கிறது. 1989 இல் வந்த காசியோ எஃப் 91 டபிள்யூ கைக்கடிகாரமும் இதே இனம். ஏறத்தாழ 21 கிராம் எடை, ஒரு பற்றரியில் ஏழு ஆண்டுகள் வரை ஓட்டம். ஜேர்மனிய வடிவமைப்பாளர் டீற்றர் ராம்ஸ், நல்ல வடிவமைப்பு என்பது இயன்ற அளவு குறைந்த வடிவமைப்பே என்று சொன்னதற்கு இந்த இரண்டையும் உதாரணமாகக் காட்டலாம்.

வன்னியில் இருக்கும் எங்களுக்கு இதில் இன்னொரு நியாயமும் உண்டு. 2009 இல் போர் முடிந்தபின் மீளக்குடியேறியபோது நம் வீடுகளுக்குள் வந்த வாளியும் சட்டியும் பாயும் பெரும்பாலும் நிவாரணமாக வந்தவை. அயலில் எல்லா வீட்டிலும் ஒரே வாளி, ஒரே சட்டி. அவை உயிர் காத்த பொருள்கள். அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த ஒருவருக்கு, தன்னை நினைத்து ஒருவர் தேர்ந்தெடுத்த பொருள் என்பதன் எடை வேறு. அது சிறிதாக இருந்தாலும் போதும்.

கையில் எடுத்துச் சோதியுங்கள்

மூன்றாவது படியில்தான் கடை வருகிறது. எந்தப் பொருளையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையில் தரச் சொல்லுங்கள்.

சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்புத் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958 இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்தப் பயணத்தில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்கள் அனைத்திலும் மேலானதாக அவர்கள் எடுத்துக்காட்டியது, நம் வீட்டுச் சாமித்தட்டில் இருக்கும் செம்பின் இனமான 'லோட்டா'வைத்தான். அந்த அறிக்கையைத் தொடர்ந்தே அகமதாபாத்தில் 1961 இல் தேசிய வடிவமைப்பு நிறுவகம் தொடங்கப்பட்டது. ஒருவர் இன்று புதிதாக ஒரு செம்பை வடிவமைக்க வேண்டுமானால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர்கள் அடுக்கிய கேள்விகள் எந்தப் பரிசுக்கும் பொருந்தும். எவ்வளவு கொள்ள வேண்டும்? தலையிலா, இடுப்பிலா, கையிலா சுமப்பது? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது? ஊற்றும்போது நீர் எப்படி விழுகிறது? உள்ளே கழுவ முடியுமா? தொட்டால் எப்படி இருக்கிறது, தட்டினால் எப்படி ஒலிக்கிறது? என்ன செலவு, பழையதாகிய பின் அதற்கு என்ன பெறுமதி?

இவற்றைக் கடையில் செய்யும்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மூடியுள்ள பொருளானால் மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். சமதரையில் வைத்து விரலால் மெல்லத் தட்டி ஆடுகிறதா என்று பாருங்கள். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு தொழிலாளியின் கவனம் பிறர் பார்க்காத இடத்தில்தான் தெரியும். ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். பிசிறு தட்டினால் வைத்துவிடுங்கள். மரப்பெட்டியானால் மூலையைப் பாருங்கள். பலகையைப் பல்லுக்குப் பல் கோத்த மூலை பல ஆண்டுகள் நிற்கும், ஆணி மட்டும் அடித்த மூலை நம் கோடையில் விரியும். மண்சட்டியை விரல்மொழியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பு உண்டு.

நம் ஊர்ப் பொருள்கள்

வன்னியில் இருந்துகொண்டு வடிவமைப்பை நேசிக்கும் ஒருவருக்குப் பரிசு தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் பனை. நம் பொருள்களுள் இவ்வளவு காலம் சோதிக்கப்பட்டு, வேண்டாதது எல்லாம் உதிர்ந்து, வேண்டியது மட்டும் நின்ற வடிவங்கள் வேறு அதிகம் இல்லை.

நீற்றுப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்று அடி கூம்பி வரும் அந்தச் சிறிய ஓலைக்கூம்பைக் கொதிக்கும் பானையின் வாயில் இறக்கினால், கூம்பு தானாகவே பானை வாயில் சிக்கி நிற்கும். தாங்கி வேண்டாம், அளவு வேண்டாம், சிறிய வாய்ப் பானைக்கும் பெரிய வாய்ப் பானைக்கும் ஒரே பெட்டி போதும். ஓலை இழைகளின் இடைவெளி நீராவியை விடும், பிட்டு மாவை விடாது. உலோகப் பாத்திரத்தில் மேலே தங்கித் துளியாக விழும் நீரை ஓலை உறிஞ்சிக்கொள்வதால் பிட்டு நைந்து போவதில்லை. கூம்பைக் கவிழ்த்தால் பிட்டு முழுதாகச் சரிந்து விழும். அடுப்படியில் அன்றாடம் பார்த்துப் பழகிவிட்டதால் இதை நாங்கள் ஒரு வடிவமைப்பு என்று எண்ணுவதே இல்லை. கட்டடக்கலை படிக்கும் என் மருமகளுக்கு ஒரு நல்ல நீற்றுப்பெட்டியைக் கொடுத்தபோது, அவள் அதை விளக்கின் முன் பிடித்து, இழைகளுக்கூடாக ஒளி விழுவதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் பிட்டு அவித்தாள்.

பெட்டி, கடகம், சுளகு, மூடியுள்ள கொட்டப்பெட்டி, பனங்கட்டிக் குட்டான் எல்லாம் இதே வரிசையில் வருபவை. குட்டான், கொதிக்கக் காய்ச்சிய பாணியை ஊற்றி ஆறவிடும் அச்சும் அதுவே, கடைக்குக் கொண்டுபோகும் பொதியும் அதுவே. பொதியிடலைத் தொழிலாகச் செய்யும் நண்பருக்கு ஒரு கட்டுக் குட்டான் கொடுத்தால் வெகுநேரம் பேச விடயம் கிடைக்கும். பனை அபிவிருத்திச் சபை 1978 இலிருந்து இயங்குகிறது. அதன் 'கற்பகம்' விற்பனை நிலையங்களில் ஓலைப் பொருள்கள் கிடைக்கும். மன்னாரிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களிலும் இழைக்கிற பெண்களிடம் நேரே சொல்லிச் செய்விப்பது அதைவிட நல்லது. அளவும் நிறமும் நீங்கள் சொல்லலாம். காசு முழுவதும் செய்தவர் கைக்கே போகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. எங்கள் ஊரில் பெட்டி இழைக்கும் சின்னம்மா ஒருவர் இரண்டு பெட்டிகளை என் முன்னால் வைத்து, எது நல்லது என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் ஒன்றின் இரு பக்கத்தையும் பிடித்து மெல்ல முறுக்கினார். இழைகள் அசைந்து இடையே வெளிச்சம் தெரிந்தது. மற்றதை முறுக்கினார், அது பலகையைப் போல நின்றது. "காயாத ஓலையிலை இழைச்சால், காய்ஞ்சாப்பிறகு பெட்டி வாயைப் பிளந்திடும், பிள்ளை" என்றார். பச்சை ஓலை காயும்போது சுருங்குவதால், ஈரத்தோடு இழைத்த பெட்டி கடையில் இறுக்கமாக இருந்து வீட்டில் தளர்கிறது. ஆகவே முறுக்கிப் பாருங்கள். அடுத்து, ஓலை வார்ந்த அகலம் தொடக்கம் முதல் விளிம்பு வரை ஒரே அளவா என்று பாருங்கள். கடகமானால் நார் வைத்துப் பொத்திய விளிம்பைச் சுற்றிவர விரலால் அழுத்துங்கள். சுமை தாங்குவது அந்த விளிம்புதான். சாயம் ஏற்றிய ஓலையானால் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், துணியில் நிறம் ஏறினால் வேண்டாம். என் தேர்வு எப்போதும் சாயமற்ற ஓலை, அல்லது ஒரே ஒரு நிறக்கோடு. கத்தரிப்பூ நிறமும் கடும்பச்சையும் செம்மஞ்சளும் ஒரே பெட்டியில் கலந்தவை சந்தையில் நிறைய உண்டு. இழையின் வேலைப்பாட்டை அந்த நிறங்கள் மறைத்துவிடுகின்றன.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓலை காய வெயில் வேண்டும். நம் மாரி ஐப்பசியில் தொடங்கித் தை வரை இழுக்கும். ஆகவே தைப்பொங்கலுக்குக் கொடுக்க வேண்டிய பெட்டியைப் புரட்டாதிக்கு முன்பே சொல்லி வையுங்கள். முற்பணம் கொடுங்கள், சொன்ன விலையில் பேரம் பேசாதீர்கள். ஒரு பெட்டிக்குப் பின்னால் குருத்தோலை வெட்டி, காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, இழைத்து, பொத்திய நாட்கள் இருக்கின்றன. இழைத்த பெட்டியை நூறு ரூபா குறைத்து வாங்கிக்கொண்டு, அதைப் பளபளக்கும் தாளில் சுற்ற இருநூறு ரூபா செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மனத்துக்கு ஒப்பாத செயல்.

பனைக்கு வெளியே வந்தால் முதலில் நினைவுக்கு வருவது மூக்குப்பேணி. உதட்டில் படாமல் ஊற்றிக் குடிப்பதற்காகப் பேணியின் பக்கத்தில் ஒரு சிறு மூக்கு, அவ்வளவுதான். ஒரு பழக்கம் முழுவதும் ஓர் உலோக வளைவுக்குள் அடங்கியிருக்கிறது. பழைய பேணி கிடைத்தால் அதுவே சிறந்த பரிசு, ஆனால் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தும், மூக்கு உடலோடு சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று பார்த்தும் வாங்குங்கள். பித்தளையில் வெள்ளீயம் பூசாமல் புளிப்பான எதையும் வைக்கக்கூடாது என்பதைப் பெறுபவருக்குச் சொல்லிவிடுங்கள். குளக்கரைப் பன்புல்லில் இழைத்த பாய், சிரட்டை அகப்பை, இடியப்ப உரல், மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஆகியவையும் நம்பி வாங்கக்கூடியவை. கொழும்புக்குப் போகிறவர்கள், 1964 இல் பார்பரா சன்சோனி தொடங்கிய 'பெயார்பூட்' கடையின் கைத்தறித் துணிகளைப் பார்க்கலாம். வெயில் நிறைந்த நிலத்தின் நிறங்களை அச்சமின்றி அருகருகே வைக்கும் கலை அங்கே இருக்கிறது; வாங்காவிட்டாலும் கண்ணுக்குப் பயிற்சி.

மரப் பொருள்களில் ஓர் எச்சரிக்கை. முதிரையும் பாலையும் கருங்காலியும் எங்கள் காடுகளின் மரங்கள். வெட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதி வேண்டும். எங்கிருந்து வந்த மரம் என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், அந்தப் பெட்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பழைய வீட்டுக் கதவிலோ உத்தரத்திலோ இருந்து எடுத்த முதிரைத் துண்டை ஒரு நல்ல தச்சரிடம் கொடுத்து, பென்சில் தட்டோ புத்தகத் தாங்கியோ செய்விப்பது எனக்குப் பிடித்த வழி. மரம் ஏற்கனவே காய்ந்து முடிந்ததால் இனி வளையாது.

செய்கிறவர்களுக்குக் கருவி

கட்டடக்கலை மாணவருக்கு உருக்கு அடிமட்டம், 1:50, 1:100 அளவுகள் பொறித்த முக்கோண அளவுகோல், வெட்டுவதற்கான அடிவிரிப்பு ஆகியவை ஒருநாளும் வீண்போகாதவை. எழுதவும் கோட்டுச்சித்திரம் போடவும் செய்பவருக்கு 1905 முதல் விற்கப்படும் கடும்பச்சை நிற பேபர் காஸ்ரெல் 9000 பென்சில்களில் 2பி, 4பி, 6பி என்று மூன்று போதும். பன்னிரண்டு உள்ள பெட்டி பெருமைக்குத்தான். ஊற்றுப்பேனா கொடுக்க எண்ணினால், 1980 இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வடிவமைக்கப்பட்ட லாமி சஃபாரியின் முக்கோணப் பிடி விரல்களுக்குச் சரியான இடத்தைத் தானாகவே காட்டும். ஆனால் மைக்குழாய் கிளிநொச்சியில் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால், போத்தல் மையை உறிஞ்சும் குழாயையும் ஒரு மைப்போத்தலையும் சேர்த்தே கொடுங்கள். கொப்பியானால் தாளின் தடிப்பைப் பாருங்கள். சதுர மீற்றருக்கு 100 கிராமுக்குக் குறைந்த தாளில் பேனா மை மறுபக்கம் ஊறிவிடக்கூடும்.

ஓலை இழைக்கும் பெரியம்மாவையும் வடிவமைப்பாளராக மதியுங்கள். கொல்லரிடம் சொல்லி அவருக்கு ஒரு புதிய சத்தகம் அடிப்பித்துக் கொடுங்கள். ஒரு முனையில் ஓலை வார்வதற்கு அலகும் மறுமுனையில் இழைகளுக்கிடையே நுழைவதற்குக் கூரும் உள்ள அந்தச் சிறிய கருவி, கையை மாற்றாமலே இரண்டு வேலையைச் செய்கிறது. அவருடைய பழைய சத்தகத்தை ஒருநாள் கேட்டு வாங்கி, கொல்லருக்கு அளவு காட்டுங்கள். கை பழகிய நீளம் அரை அங்குலம் மாறினாலும் அவருக்கு அது புதுக் கருவியாகவே தோன்றும்.

பொருளே இல்லாத பரிசும் உண்டு. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) வாழ்ந்த கொழும்பு வீட்டையும் பெந்தோட்டையை அடுத்த லுணுகங்கைத் தோட்டத்தையும் முன்பதிவு செய்து பார்க்கலாம். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைக்கு யாழ்தேவியில் ஓர் ஆசனமும் அந்த வீட்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டும் எடுத்துக் கொடுத்தால், முற்றத்து வெளிச்சத்தை ஒருவர் எப்படி அறைக்குள் அழைத்து வந்தார் என்பதை அவர் படத்தில் அன்றி நேரே பார்ப்பார்.

வெளிநாட்டுப் பரிசு

ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் பரிசு கொண்டுவருவது நம் வாழ்க்கையில் வழமை. என்ன கொண்டுவர என்று அவர்கள் கேட்டால் வெட்கப்படாமல் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அங்கே வாங்கிய விளக்கையோ அரைக்கும் இயந்திரத்தையோ இங்கே நேரே செருகினால் எரிந்துவிடும். பொருளின் அடியில் 100–240 வோல்ற் என்று எழுதியிருந்தால் பயமில்லை. பிரித்தானியாவிலிருந்து வரும் பொருளுக்கு, சதுரமுனைத் துளை உள்ள வீடுகளில் செருகியும் பொருந்தும்.

இணையத்தில் புகழ்பெற்ற வடிவமைப்புகளின் பெயரில் மலிவாக விற்பவை பெரும்பாலும் போலிகள். வடிவு தெரிந்தவர் போலியை ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார், ஆனால் உங்கள் மனம் நோகும் என்று சொல்லமாட்டார். உண்மையான நாற்காலி வாங்கக் காசு இல்லையென்றால் உண்மையான கரண்டி வாங்குங்கள்.

இங்கிருந்து வெளியே அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகும் ஓலை, மர, நார்ப் பொருள்களை விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மரப்பட்டை, விதை, பூச்சி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, இருந்தால் பறித்துவிடுவார்கள். ஆகவே கொடுப்பதற்கு முன் பெட்டியை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மென்மையான தூரிகையால் இழைகளைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அறிவித்த பொருளுக்குத் தண்டம் இல்லை. மறைத்த பொருளுக்கு உண்டு.

விட்டுவிட வேண்டியவை

சுவரில் மாட்டும் எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். சுவர் அவருடையது; அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவர் நாள்கணக்கில் யோசித்து வைத்திருப்பார், வெறுமையாக விட்டிருந்தாலும் யோசித்தே விட்டிருப்பார். ஒரு பொருளைப் போல வேடம் போடும் இன்னொரு பொருளும் வேண்டாம்: கிற்றார் வடிவ மணிக்கூடு, மரம்போல் நிறம் பூசிய பிளாஸ்ரிக் தட்டு, தங்கம்போல் மின்னும் தகரம். பெறுபவரின் பெயரைப் பெரிதாகப் பொறித்தவையும் அப்படியே. தோல் பொருள்கள் நம் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், காற்றோட்டமுள்ள அலுமாரி இருக்கும் வீட்டுக்கு மட்டும் கொடுங்கள்.

கொடுக்கும் முறை

நல்ல பொருளை மோசமாகப் பொதி செய்தால் அரைவாசி போய்விடும். பளபளக்கும் பிளாஸ்ரிக் தாளும் ஒட்டுநாடாவும் வேண்டாம். பருத்தித் துண்டிலோ புதிய சாரத்திலோ சுற்றி ஒரு முடிச்சுப் போடுங்கள். சுற்றிய துணியும் பயன்படும். பெட்டியே பரிசானால் அதற்குள் பனங்கட்டியோ கச்சானோ போட்டுக் கொடுங்கள், வெறும் பெட்டி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

பற்றுச்சீட்டைத் தனி உறையில் வைத்து, விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்று வாயால் சொல்லுங்கள். இதைச் சிலர் அவமதிப்பாக எண்ணுகிறார்கள். வடிவு தெரிந்தவர் அப்படி எண்ணமாட்டார். தன் தெரிவை நீங்கள் மதிக்கிறீர்கள் என்றே எடுப்பார்.

கடைசியாக, உள்ளங்கை அளவு தாளில் கையால் ஒரு குறிப்பு எழுதி உள்ளே வையுங்கள். யார் செய்தது, எந்த ஊர், எந்த மாதம், எப்படிப் பேணுவது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். செய்தவரின் பெயரை எழுத முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். என் மருமகளுக்குக் கொடுத்த நீற்றுப்பெட்டிக்குள் நான் எழுதி வைத்தது இது: "பங்குனியில் வெட்டிய ஓலை. முதல் நாள் கழுவி, மாப்போடாமல் ஒருதரம் வெறுமனே ஆவியில் வைக்கவும். பச்சை மணம் போகும். ஒவ்வொரு முறையும் கழுவியபின் கவிழ்த்து வைக்காமல், வாய் மேலே பார்க்க அடுப்புக்கு மேலே தொங்கவிடவும். புகை பட்டால் பூச்சி வராது."